'கலந்துக் கொண்டனர்': அன்றாட எழுத்தின் பிழைகளும் நம் சிவப்பு மையும்

ஈப்போவில் புந்தோங்கிலிருந்து லிட்டில் இந்தியா வரை நடந்து செல்லும் தமிழாசிரியருக்கு வழியெங்கும் வேலை காத்திருக்கிறது. 'ஆலய திருவிழா' என்கிறது ஒரு பதாகை. 'மளிகை பொருட்கள் மலிவாக கிடைக்கும்' என்கிறது ஒரு கடை. 'பொதுமக்கள் திரளாகக் கலந்துக் கொள்ளவும்' என்கிறது ஓர் அழைப்பு. வீட்டிற்கு வந்து நாளேட்டைத் திறந்தால், நினைவஞ்சலிப் பகுதியில், 'எங்களை விட்டு பிறிந்து ஓராண்டு' என்று ஒரு குடும்பம் தன் துயரத்தை எழுதியிருக்கிறது. அந்தத் துயரத்தைப் படிக்கும்போதே நம் கை சிவப்பு மைப் பேனாவைத் தேடுகிறது. நம் துறையினருக்கு இஃது ஒரு தொழில்நோய் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

இத்தகைய பிழைகளைத் தொகுத்து எழுதுவது தமிழில் புதிதன்று. அ. கி. பரந்தாமனாரின் 'நல்ல தமிழ் எழுத வேண்டுமா?' என்னும் நூல் பல தலைமுறை ஆசிரியர்களுக்குக் கைவிளக்காக இருந்து வந்துள்ளது. 2001-இல் வெளிவந்த 'தமிழ்நடைக் கையேடு' இக்கால எழுத்து வழக்கை முறைப்படுத்த முயன்றது. மலேசியாவில், மறைந்த செ. சீனி நைனா முகம்மது தாம் நடத்திய 'உங்கள் குரல்' இதழின் வழி இலக்கணத் தூய்மைக்காக இடைவிடாது பேசினார். பட்டியல்களுக்குக் குறைவில்லை. எனினும், பட்டியலில் உள்ள பிழைகள் தலைமுறை தலைமுறையாக அப்படியே தொடர்கின்றன. அவை ஏன் தொடர்கின்றன என்பதையும், அவற்றுள் எவை எழுதுவோரின் பிழைகள், எவை திருத்துவோராகிய நம் பிழைகள் என்பதையும் இக்கட்டுரையில் நோக்க விழைகிறோம்.

இவ்வினாவை நம்முள் எழுப்பியது ஒரு கையெழுத்துப்படி. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இன்று செம்பனையும் வீடமைப்புப் பகுதியுமாக மாறிவிட்ட ஒரு தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய முதியவர் ஒருவர், அத்தோட்டத்துக் கோயிலின் குடமுழுக்கு மலருக்காகத் தோட்ட வரலாற்றை ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதியிருந்தார். அச்சேற்றுமுன் பிழைநீக்கித் தருமாறு மலர்க்குழுவினர் நம்மிடம் கொடுத்தனர். நாமும் நீக்கினோம். அதன் விளைவைப் பின்னர்க் கூறுவோம்.

முதலில் 'கலந்துக் கொண்டனர்' என்பதை எடுத்துக்கொள்வோம். மலேசியத் தமிழ் எழுத்தில் இதனினும் பரவலான புணர்ச்சிப் பிழை வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. மாணவர் கட்டுரை, சங்க அறிக்கை, ஆலய அழைப்பு, சில வேளைகளில் ஆசிரியர் எழுதும் நிகழ்ச்சிக் குறிப்பு என எங்கும் இதனைக் காணலாம். விதி எளியது. வன்தொடர்க் குற்றியலுகரமாக முடியும் வினையெச்சத்தின்பின் வல்லினம் மிகும்: படித்துக் கொண்டான், எடுத்துச் சென்றான், கேட்டுப் பார்த்தான். மென்தொடரிலும் இடைத்தொடரிலும் முடியும் வினையெச்சத்தின்பின் மிகாது: கலந்து கொண்டான், நடந்து சென்றான், செய்து பார்த்தான். இதனைத் தொடக்கப்பள்ளியிலேயே கற்பிக்கிறோம். தேர்விலும் வினவுகிறோம். இருந்தும் 'கலந்துக்' ஒழியவில்லை.

விதி தெரியாமையே காரணம் என்றால், பிழை எல்லா வினைகளிலும் ஒரே அளவில் பரவியிருக்க வேண்டும். ஆனால், 'வந்துப் போனான்' என்று எழுதுவோர் மிகச் சிலரே. 'கலந்துக் கொண்டான்', 'பகிர்ந்துக் கொண்டான்', 'தெரிந்துக் கொண்டான்' என்று எழுதுவோரோ மிகப் பலர். அதாவது, பிழை 'கொள்' என்னும் துணைவினையை ஒட்டியே குவிந்திருக்கிறது. இதற்கான விடை ஏட்டில் இல்லை, காதில் இருக்கிறது. நம் பேச்சில் 'படிச்சுக்கிட்டு' என்பதைப் போலவே 'வந்துக்கிட்டு', 'கலந்துக்கிட்டாங்க', 'பகிர்ந்துக்கலாம்' என்றுதான் சொல்கிறோம். வன்தொடரின்பின் தோன்றிய ககர ஒற்று, பேச்சுவழக்கில் ஒப்புமையால் எல்லா எச்சங்களின்பின்னும் பரவி, துணைவினையின் உறுப்பாகவே நின்றுவிட்டது. ஆகவே, 'கலந்துக் கொண்டனர்' என்று எழுதும் பிள்ளை மனம்போன போக்கில் எழுதவில்லை. தன் வீட்டில் கேட்ட இலக்கணத்தைத் தவறாது பின்பற்றுகிறது. அது பேச்சுத்தமிழின் இலக்கணம்; எழுத்துத் தமிழின் இலக்கணம் அன்று. இவ்விரண்டும் வேறு என்பதைச் சொல்லாமல், 'மென்தொடரின்பின் மிகாது' என்று மட்டும் சொன்னால் பிள்ளைக்கு என்ன விளங்கும்?

அவ்வாறு சுருக்கிச் சொல்வதில் வேறோர் இடரும் உண்டு. 'மருந்து' என்பதும் மென்தொடரே. ஆயினும், அது பெயர்ச்சொல்லாதலின் 'மருந்துக் கடை' என வலி மிகும். 'கலந்து' வினையெச்சமாதலின் மிகாது. பெயரா, எச்சமா என்னும் வேறுபாட்டை விட்டுவிட்டு ஒலியை மட்டும் விதியாக்கினால், 'கலந்துக்' திருந்தும் நாளில் 'மருந்து கடை' பிறக்கும். நாம் திருத்திய விடைத்தாள்களில் இதனைப் பலமுறை கண்டிருக்கிறோம். ஒரு பிழையை நீக்கி மற்றொன்றை விதைத்த பெருமை நம்மையே சாரும்.

காதின் வலிமையை வேறொரு வகையிலும் காணலாம். தோட்டத்தில் வாழ்ந்தவர் எவரும் 'ஒட்டுப்பால்' என்பதை 'ஒட்டு பால்' என்று சொல்லமாட்டார். 'கள்ளுக்கடை', 'ஆட்டுக்கறி', 'வெட்டுக்காயம்' ஆகியவற்றிலும் ஒற்று வழுவாது. இவற்றுக்கு எவரும் விதி படித்ததில்லை. அதே மனிதர் எழுதும்போது 'தோட்ட பள்ளி', 'ஆலய திருவிழா', 'மளிகை பொருள்' என ஒற்றை விட்டுவிடுகிறார். வாயில் பழகிய சொல்லில் புணர்ச்சி தானே நிற்கிறது. கண்ணால் மட்டும் கற்ற சொல்லில் அது தங்குவதில்லை. 'எங்களை விட்டு பிறிந்து' என்னும் தொடரில் விடுபட்டதும், 'கலந்துக் கொள்ளவும்' என்பதில் மிகையாக வந்ததும் ஒரே ஒற்றுத்தான் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. இதனால், புணர்ச்சியை விதிப்பட்டியலாகக் கற்பிப்பதைவிட, வாய்விட்டுப் படிக்கச் செய்து கற்பிப்பதே பயன் தரும் என்பது நம் கருத்து. இன்றைய வகுப்பறைகளில் வாய்விட்டுப் படித்தல் அருகி வருவதையும் ஈண்டுச் சுட்ட வேண்டும்.

ஒற்றுப் போனால் பொருள் கெடும் என்று நாம் வழக்கமாக அச்சுறுத்துவோம். 'தந்த பெட்டி', 'தந்தப் பெட்டி' என்பது நம் கைவசமுள்ள பழைய எடுத்துக்காட்டு. உண்மையைச் சொன்னால், இடம்நோக்கிப் படிப்பவருக்கு அங்கே பொருள் மயக்கம் மிக அரிதாகவே நேர்கிறது. புணர்ச்சியின் பயன் வேறு. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து ஒன்றாகிறது என்பதை அது கண்ணுக்குக் காட்டுகிறது. 'தோட்டப் பள்ளி' என்று எழுதும்போது இரு சொல்லும் ஒரு பொருளைக் குறிப்பதைப் படிப்பவர் நின்று யோசிக்காமல் அறிகிறார். ஒற்று நீங்கிய நீண்ட வாக்கியம் நிறுத்தக்குறி நீங்கிய வாக்கியத்தைப் போன்றது. பொருள் கிடைக்கும், களைப்பும் சேர்ந்து கிடைக்கும்.

ரகர றகர மயக்கமும் லகர ளகர ழகர மயக்கமும் வேறு வகையின. 'பிறிந்து' என எழுதிய குடும்பத்தார் பேச்சில் இவ்விரு ரகரமும் ஒன்றே. தமிழர் பேச்சில் பெரும்பகுதியில் இவை ஒன்றாகி நெடுங்காலம் ஆகிவிட்டது. ரப்பர் மரங்கள் நிற்பது 'நிரை'. பால்வாளி ததும்புவது 'நிறை'. தோட்டத்துப் பிள்ளை இரண்டையும் ஒரே ஒலியில் கேட்டு வளர்ந்தது. இங்கே காதை நம்ப இயலாது. கண்ணுக்கும் நினைவுக்கும்தான் பயிற்சி வேண்டும். அச்சுறுத்தலால் வரும் மிகைத்திருத்தமும் இங்கே மிகுதி. ழகரத்தைச் சரியாக ஒலிக்காததற்காகத் திட்டு வாங்கிய மாணவன், 'தவளை' என்பதையும் 'தவழை' என எழுதிவைக்கிறான்.

இவற்றோடு கணினியும் கைப்பேசியும் சேர்ந்துகொண்டன. மலேசியாவில் உருவான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் வழி தமிழ்த் தட்டெழுத்துப் பழகியோர் நம்மிடையே பலர். உரோமன் எழுத்துவழி உள்ளிடும் முறையில் லகரத்திற்கும் ளகரத்திற்கும், ரகரத்திற்கும் றகரத்திற்கும், னகரத்திற்கும் ணகரத்திற்கும் உள்ள தொலைவு, பெரிய எழுத்துக்கான விசையை அழுத்துவதும் அழுத்தாமையுமே. இலக்கணம் அறிந்தவரும் அவசரத்தில் அவ்விசையைத் தவறவிடுகிறார். ஆகவே, இன்றைய 'பள்ளி'க்கும் 'பல்லி'க்கும் இடையிலான பிழையை அறியாமை என்று உடனே முடிவுகட்டுதல் கூடாது. அச்சிடுமுன் மறுமுறை பாராமையை மட்டும் கண்டிக்கலாம். அக்கண்டனத்திற்குப் படித்தோரே மிகுதியும் உரியவர்.

'நிகழ்ச்சிகள் நடைபெற்றது' என்பதைப் பற்றி நெடிது எழுத வேண்டியதில்லை. பேச்சில் 'மாடுங்க வந்துச்சு' என அஃறிணைப் பன்மை வினை வழக்கொழிந்துவிட்டது, எழுத்தில் ஒழியவில்லை. 'நடைபெற்றன' என்றே எழுத வேண்டும். 'ஒவ்வொரு மாணவர்களும்' என்பதும் அவ்வாறே. இவற்றில் ஐயத்திற்கோ இரக்கத்திற்கோ இடமில்லை.

ஆனால், நம் கோபம் எப்போதும் இவ்வளவு தெளிவான இடங்களில் பாய்வதில்லை. ஒவ்வோர் ஆண்டும் தீபாவளி நெருங்கியதும் 'வாழ்த்துகள்' சரியா, 'வாழ்த்துக்கள்' சரியா என்னும் வழக்கு எழுகிறது. 'வாழ்த்துக்கள்' என்றால் வாழ்த்தாகிய கள் என்று பொருள்படும் என்பர் ஒரு சாரார். தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை இருந்த நாட்டில் இந்நகைச்சுவைக்குத் தனிச்சுவை உண்டு என்பதை மறுக்கவில்லை. 'கள்' இங்கே தனிச்சொல் அன்று, விகுதியே. ஆதலின் ஒற்று மிக வேண்டியதில்லை என்னும் வாதம் வலுவுடையது. நாமும் 'வாழ்த்துகள்' என்றே எழுதுகிறோம். எனினும், 'எழுத்துக்கள்', 'கருத்துக்கள்' எனத் தமிழறிஞர் பலர் எழுதிப் போந்த வழக்கும் நம் நூலகங்களில் நிறைந்திருக்கிறது. 'நாட்கள்', 'பொருட்கள்' ஆகியனவும் இவ்வாறே. ளகர ஈறு வல்லினத்தோடு புணரும்போது அல்வழியில் இயல்பாகவும் திரிந்தும் உறழும் என்பது நன்னூல் நெறி. 'முள் குறிது', 'முட்குறிது' என இரண்டையும் உரையாசிரியர் காட்டுவர். விகுதிப் புணர்ச்சிக்கு இந்நெறியைக் கொண்டுவரலாமா என்பது ஆய்வுக்குரிய வினா. ஆய்வுக்குரிய ஒன்றைப் பத்து வயதுப் பிள்ளையின் ஏட்டில் சிவப்பு வட்டமிட்டு முடித்துவைக்க நமக்கு யார் உரிமை தந்தது?

இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். 'கள்' விகுதி அஃறிணைப் பெயரோடு சேர்வதைத்தான் தொல்காப்பியம் கூறுகிறது. அந்நூல் நெறிப்படி பார்த்தால் 'மாணவர்', 'ஆசிரியர்' ஆகியவையே பன்மை. 'மாணவர்கள்', 'ஆசிரியர்கள்' என்பன பன்மையின்மேல் பன்மை. ஒரு காலத்துத் திருத்துவோருக்கு எரிச்சலூட்டியிருக்கக்கூடிய வடிவத்தை இன்று அதே திருத்துவோரின் வழித்தோன்றல்களாகிய நாம் அமைதியாகப் பயன்படுத்துகிறோம். 'பழையன கழிதலும்' பற்றி மேடையில் பேசும் நாம், விடைத்தாளின்முன் அமர்ந்ததும் அதனை மறந்துவிடுகிறோம்.

'ஒரு', 'ஓர்' பற்றியும் 'அது', 'அஃது' பற்றியும் மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் காட்டும் கண்டிப்பு தமிழ்நாட்டு வார இதழ்களில் காணக் கிடைக்காது. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. உயிர்முன் 'ஓர்' வருதல் அழகிய மரபு. நாம் இக்கட்டுரையிலும் அதனைப் பேணுகிறோம். ஆனால், 'ஒரு ஊர்' என எழுதிய மாணவனுக்கும் 'நிகழ்ச்சிகள் நடைபெற்றது' என எழுதிய மாணவனுக்கும் ஒரே அளவில் புள்ளி குறைப்பது எடைக்கல் இல்லாத தராசில் நிறுப்பது போன்றது.

எவருக்கும் எரிச்சலூட்டாத பிழைகளும் உள. 'பெற்றோர்கள் அனைவரும் குறித்த நேரத்தில் வருகை தரும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்னும் வாக்கியத்தில் ஒற்று ஒன்றும் தவறவில்லை. எனினும், யார் கேட்டுக்கொள்கிறார்? மலாய்மொழிச் சுற்றறிக்கையில் 'டி' என்னும் முன்னொட்டுப் பெற்று இயல்பாக நிற்கும் வினை, ஆங்கிலக் கடிதத்தில் பழகிய செயப்பாட்டுவினை ஆகிய இரண்டும் சேர்ந்து நம் பள்ளிக் கடிதங்களில் 'படு' என்னும் துணைவினையைக் குவித்துவிட்டன. 'பெற்றோர் குறித்த நேரத்தில் வருமாறு வேண்டுகிறோம்' என்றால் தீர்ந்தது. பெயர்களை அடுக்கும்போது இறுதிப் பெயரின்முன் தவறாது வந்து நிற்கும் 'மற்றும்' என்பதும் இவ்வகையினதே. எண்ணும்மை இருக்கும் மொழிக்கு அது தேவையில்லை. 'ஆலய திருவிழா'வைக் கண்டு துடிக்கும் நாம் இவற்றைப் படித்துவிட்டுக் கையொப்பமிட்டு அனுப்புகிறோம். பதாகை எழுதியவர் பிழைசெய்தால் அறியாமை, அலுவலகம் பிழைசெய்தால் நடை என்று கொள்கிறோம் போலும்.

பதாகை எழுதியவர் யார் என்பதையும் எண்ண வேண்டும். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. அவ்வாறு எழுந்த பள்ளிகள் பலவற்றில் கிராணியோ கங்காணியோ ஒழிந்த நேரத்தில் பாடம் சொன்ன காலம் இருந்தது. ஆறாண்டுத் தொடக்கக் கல்வியோடு தமிழ் நின்றுவிட, அதன்பின் மலாய்வழி இடைநிலைப் பள்ளியில் தமிழை ஒரு பாடமாகப் படிக்கும் வாய்ப்புப் பெற்றோர் சிலர், பெறாதோர் பலர். பேராக் மாநிலத்தில் இன்று 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுட் பலவற்றின் பெயரில் தோட்டம் இருக்கிறது. பக்கத்தில் தோட்டம் இல்லை. லயத்து வீடுகளை விட்டு நகர்ப்புறத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தவர்தாம் ஆலயச் செயலாளராக, பெற்றோர் சங்கப் பொறுப்பாளராக, கடைக்காரராக இன்று தமிழ் எழுதுகிறார்கள். ஆறாண்டுக் கல்வியை அறுபது வயது வரை காப்பாற்றி வைத்திருப்பவரின் எழுத்து அது.

இதனைச் சொல்வதால் பிழைக்குப் பரிந்துரைக்கிறோம் எனக் கொள்ளலாகாது. பொதுவிடத்தில் நிற்கும் பிழை தினமும் ஆயிரம் பேருக்குப் பாடம் நடத்துகிறது. பதாகை அச்சகங்களுக்கும் ஆலயங்களுக்கும் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் அச்சுக்குமுன் மெய்ப்புப் பார்த்துத் தந்தால் பாதிப் பிழை அன்றே ஒழியும். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் பயிலும் தமிழ் மாணவர்களுக்கு இதனை ஒரு களப்பணியாகவே தரலாம். 1988 முதல் நடைபெற்றுவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டுவிட்ட இந்நாளில், எதற்குப் புள்ளி குறைப்பது என்பதை ஆசிரியர் தாமே தீர்மானிக்கக் கூடுதல் இடம் கிடைத்திருக்கிறது. எண்ணிசைவு, சொல்லின் எழுத்து, வேற்றுமை உருபின்பின் வரும் ஒற்று ஆகியவற்றில் தளராதிருந்து, அறிஞரே மாறுபடும் இடங்களில் பேனாவை மூடிவைக்கலாம் அல்லவா?

இனி, அக்கையெழுத்துப்படி. அதில் ஒரு வாக்கியம் இது: 'ஆயுதபூசைக்கு தோட்டமே கலந்துக் கொண்டது, மங்குகளை கழுவி வெயிலில் கவுத்து வைப்போம்.' நாம் இதனைப் பின்வருமாறு திருத்தினோம்: 'ஆயுதபூசையில் தோட்ட மக்கள் அனைவரும் கலந்துகொண்டனர். பால் சேகரிக்கும் கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்து வைப்போம்.' ஒற்றுகள் செம்மையாயின. ஆனால், 'தோட்டமே கலந்துகொண்டது' என்பது இடவாகுபெயர். இலக்கணம் முழுமையாக ஒப்பும் தொடர். அதனை எண்ணிசைவுப் பிழை என்று நம் கண் தானாகவே எடுத்துக்கொண்டது. 'மங்கு' பேச்சுச்சொல் எனப்பட்டு நீங்கியது. பாலேந்தும் அக்கோப்பைக்குத் தோட்டத்தார் எல்லாரும் அறிந்த பெயர் அது ஒன்றே. வெயில் எங்கே போயிற்று என்பது நமக்கே தெரியவில்லை.

மலர் பிழையின்றி வெளிவந்தது. தோட்டம் துண்டாடப்பட்டதையும் லயங்கள் இடிபட்டதையும் எழுதுவதாகச் சொல்லியிருந்த இரண்டாம் பகுதி வரவில்லை. பல திங்கள் கழித்து அவர் வீட்டிற்குச் சென்று கேட்டோம். "நான் எழுதுனா ஒங்களுக்குத்தாங்க ஐயா வேலை" என்றார். சினமின்றித்தான் சொன்னார்.

பின்னர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவர் சொல்லச் சொல்ல நாம் எழுதினோம். 'நெரை' என்றார், 'நிரை' என்று எழுதினோம். 'கலந்துக்கிட்டோம்' என்றார், 'கலந்துகொண்டோம்' என்று எழுதினோம். மங்கை மங்காகவே விட்டோம். விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் 'பெரட்டு' வந்தபோது அதனை 'பிரட்டு' என்று எழுதுவதா, 'பெரட்டு' என்று எழுதுவதா எனக் கேட்டோம். சிறிது யோசித்துவிட்டு, "மணி அடிச்சா ஓடுவோம், எழுதிப் பாத்ததில்லைங்களே" என்றார்.